போர்ட்டோவில் ஒரு நாள்: மேட்டில் தொடங்கி ஆற்றுக்கு இறங்கும் வழி

போர்ச்சுகலின் போர்ட்டோவை வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பது போலத் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வரைபடத்தில் மேடு தெரியாது. இந்த ஊர் டோரோ ஆற்றின் செங்குத்தான கரையில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிற ஊர். முதல் தடவை நான் போனபோது எல்லோரும் சொல்கிற மாதிரி காலையில் நேராக ஆற்றங்கரைக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறிப் பார்க்கத் தொடங்கினேன். மதியம் ஒரு மணிக்குள் முழங்கால் போய்விட்டது, அதற்கு மேல் பார்த்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. அடுத்த முறை அதையே தலைகீழாகச் செய்தேன்: காலையில் மேட்டில் தொடங்கி, சாப்பிட்டுக்கொண்டே இறங்கி, சாயங்காலம் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறி, பாலத்தின் மேல்தளம் வழியாகத் திரும்பவும் மேட்டுக்கே வந்து சேர்வது. ஒரே ஒரு ஏற்றம்தான் நடந்து ஏற வேண்டியிருக்கும். கையில் ஒரே ஒரு நாள் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதலில் காலணி. தெருக்கள் எல்லாம் சிறு கல் பதித்தவை, மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அட்லாண்டிக் பக்கத்திலேயே இருப்பதால் நவம்பர் முதல் மார்ச் வரை மழை அடிக்கடி வரும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போதும், தோல் அடி வைத்த செருப்பு வேண்டாம். கோடையிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பொழுது சாய்ந்ததும் ஆற்றுக்காற்று குளிரும்.

விமான நிலையத்திலிருந்து வருவதானால் மெட்ரோவின் ஊதா நிறத் தடம், அதாவது ஈ தடம், நேராக நகர மையத்துக்கு வருகிறது. த்ரின்டாடி நிலையம் வரை சுமார் அரைமணி நேரம். இயந்திரத்தில் 'அந்தாந்தே' என்ற அட்டை வாங்க வேண்டும், விமான நிலையத்திலிருந்து என்றால் இசட் 4 வட்டாரத்துக்கான பயணத்தை அதில் ஏற்ற வேண்டும். மெட்ரோவில் கதவுத் தடுப்பு இல்லாத நிலையங்கள்தான் அதிகம், யாரும் பார்க்கவில்லையே என்று தோன்றும், ஆனால் ஏறுவதற்கு முன் அட்டையை மஞ்சள் நிறக் கருவியில் காட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் பரிசோதகர் வந்தால் அபராதம். ஒருவருக்கு ஒரு அட்டை, இரண்டு பேர் ஒரே அட்டையில் போக முடியாது.

பணம்: பெரிய இடங்களில் கார்டு எடுப்பார்கள். சின்ன காப்பிக் கடைகளிலும் பழைய சாப்பாட்டுக் கடைகளிலும் போர்ச்சுகல் வங்கி அட்டைகளை மட்டும் ஏற்கும் கருவி இருக்கலாம், அதனால் சில்லறையாக முப்பது, நாற்பது யூரோ கையில் இருக்கட்டும். எடுப்பதானால் 'மல்டிபாங்கோ' என்று எழுதிய, வங்கியோடு ஒட்டிய இயந்திரத்தில் எடுங்கள். எந்த நாளில் போவது என்று தேர்வு செய்ய முடியுமென்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பொல்யாவ் சந்தை அன்று மூடியிருக்கும், குடும்பங்கள் நடத்துகிற நல்ல உணவகங்களில் பலவும் அன்றுதான் ஓய்வெடுக்கும்.

காலை எட்டரை: பொல்யாவ்

மெட்ரோவில் 'பொல்யாவ்' நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே கப்பேலா தாஸ் அல்மாஸ் என்ற சின்ன தேவாலயம். அதன் வெளிச்சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரை, நீலமும் வெள்ளையுமான ஓடுகள். இதைத்தான் 'அசுலேஜு' என்கிறார்கள், பளபளப்பாக்கிய கல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். தேவாலயம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆனால் ஓடுகள் 1929-இல் பதித்தவை, கிட்டத்தட்ட பதினாறாயிரம். பிரான்சிஸ் அசிசியின் வாழ்க்கையும் புனித கேத்தரினின் வாழ்க்கையும் அதில் வரைந்திருக்கிறார்கள். காலை ஒன்பதுக்கு முன்பு போனால் சுவருக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்க்கலாம், பத்து மணிக்கு மேல் படம் எடுப்பவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பார்த்த கையோடு காலைச் சாப்பாடு. போர்ட்டோவில் காலை உணவு பெரிய விஷயமில்லை. தெருமுனையில் 'பஸ்டெலரியா' என்று எழுதிய எந்தக் கடையிலும் நுழைந்து நின்றுகொண்டே சாப்பிடலாம், கல்லாப் பக்கத்தில் நின்று குடித்தால் வெளியே மேசையில் உட்காருவதைவிடப் பல இடங்களில் விலை குறைவு. கேட்க வேண்டியது: ஒரு 'தொராடா', கனமான ரொட்டியை வாட்டி நிறைய வெண்ணெய் தடவித் தருவார்கள், கூட ஒரு 'மெயா டி லெய்ட்டி', பாதி காப்பி பாதி பால். கறுப்புக் காப்பி பிடித்தவர்கள் 'சிம்பலீனு' என்று கேளுங்கள். லிஸ்பனில் இந்தச் சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் விழிப்பார்கள், இது போர்ட்டோக்காரர்களின் சொல், 'லா சிம்பாலி' என்ற இத்தாலியக் காப்பி இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. துளி பால் விட்டது வேண்டுமென்றால் 'பிங்கு'. பாஸ்டல் டி நாட்டா என்ற முட்டைப் பாலாடைப் பலகாரம் லிஸ்பனுக்கு உரியதுதான், ஆனாலும் இங்கேயும் நன்றாகச் செய்கிறார்கள். அடுப்பிலிருந்து அப்போதே எடுத்ததா என்று கேட்டு வாங்கி, பட்டைத்தூளை மேலே தூவிச் சாப்பிடுங்கள். ஆறிப்போனதை எடுக்காதீர்கள்.

அடுத்து சந்தை. பொல்யாவ் சந்தைக் கட்டடம் 1914-இல் எழுந்தது. பல வருடம் இரும்புத் தாங்கிகள் முட்டுக் கொடுத்துத்தான் நின்றது. 2018-இல் மூடி, வியாபாரிகளைப் பக்கத்தில் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றி, முழுமையாகப் பழுதுபார்த்து 2022 செப்டம்பரில் திறந்தார்கள். பழைய வியாபாரிகள் பலர் திரும்பி வந்துவிட்டார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது பயணிகளுக்காக வெட்டிய பழக் கோப்பைகளும், கண்ணாடிக் குவளையில் ஒயினும், ஒற்றை ஒற்றையாக விற்கிற சிப்பிகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் காலை நேரத்தில் போனால் உள்ளூர்க்காரர்கள் மீன் வாங்குவதைப் பார்க்கலாம். உப்பிட்டுக் காய வைத்த காட் மீன், 'பக்கல்யாவ்', பலகை பலகையாக அடுக்கியிருக்கும் கடையைத் தேடிப் பாருங்கள். இந்த நாட்டின் தேசிய உணவு போல ஆகிவிட்ட இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை, பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், டப்பாவில் அடைத்த சாளை மீன், இவற்றைக் கொஞ்சம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் சாயங்காலம் பூங்காவில் உட்காரும்போது கைகொடுக்கும்.

பத்து மணி: சாந்தா கத்தரீனா வழியாக சாவ் பெந்து

சாந்தா கத்தரீனா தெரு நடப்பவர்களுக்கு மட்டுமான கடைத்தெரு. அதில் தெற்கு நோக்கி நடந்தால் 1921-இல் திறந்த மஜெஸ்டிக் காப்பிக் கடை வரும். உள்ளே கண்ணாடிகளும் மரவேலைப்பாடும் அழகு, ஆனால் வரிசை நீளம், ஒரு நாள் மட்டுமே இருப்பவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்வது நல்லது. தெரு முடியும் இடத்தில் பத்தால்யா சதுக்கம், அங்கே சாந்து இல்தஃபோன்சு தேவாலயம், அதன் முகப்பிலும் நீல ஓடுகள். அதன் வாசலுக்கு முன்னால் நின்று மேற்கே பாருங்கள். தெரு சரேலென்று கீழே விழுந்து, எதிரே மறுபடி மேடாக எழும்பி, அந்த மேட்டின் உச்சியில் கிளேரிகுஷ் கோபுரம் நிற்கும். இந்த ஊரின் நிலம் எப்படிப்பட்டது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு முதலில் புரிந்தது.

பசி மறுபடி எட்டிப் பார்த்தால் பத்தால்யாவுக்குப் பக்கத்தில் 'கஸேலா' என்ற கடையில் 'கஷொரீன்யு' சாப்பிடலாம். மெல்லிய மொறுமொறுப்பான ரொட்டிக்குள் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் சீஸும் வைத்து, அழுத்திச் சுட்டு, காரமான எண்ணெய்க் குழம்பைத் தூரிகையால் தடவி, விரல் அளவுத் துண்டுகளாக வெட்டித் தருவார்கள். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், மதியத்துக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

சரிவில் இறங்கினால் சாவ் பெந்து ரயில் நிலையம். டிக்கெட் வாங்க வேண்டாம், நேராக முன்மண்டபத்துக்குள் போகலாம். பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் இருந்த இடத்தில் கட்டி 1916-இல் திறந்த நிலையம் இது. சுவர்களில் ஜோர்ஜெ கொலாசு வரைந்த சுமார் 20,000 ஓடுகள். எல்லோரும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நீங்கள் பத்து நிமிடம் நின்று கதையைப் படியுங்கள். ஒரு பக்கச் சுவரில் 1387-இல் முதலாம் ஜொவாவ் மன்னன், தான் மணக்கப்போகும் இங்கிலாந்து இளவரசி பிலிப்பாவோடு போர்ட்டோவுக்குள் நுழைகிறான். அதற்குக் கீழே 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைப் பிடிக்கும் காட்சி. அவர்களுடைய மகன் ஹென்றி இளவரசன், பிற்பாடு கடலோடி என்று பெயர் வாங்கியவன், பிறந்தது இந்த ஊரில்தான். மேலே ஓரமாக ஓடும் வண்ணப் பட்டையை விட்டுவிடாதீர்கள், மனிதர்கள் எதில் எதிலெல்லாம் பயணம் போனார்கள் என்பதை முதல் ரயில் வரைக்கும் அதில் வரைந்திருக்கிறார்.

பதினொன்று: அந்த ஒரே ஏற்றம்

நிலையத்திலிருந்து விடுதலைச் சதுக்கத்தைக் கடந்து கிளேரிகுஷ் தெருவில் ஏற வேண்டும். பத்து நிமிட ஏற்றம், மெதுவாகப் போங்கள். கிளேரிகுஷ் தேவாலயத்தின் கோபுரம் 75 மீட்டர் உயரம், நிக்கொலாவ் நசோனி என்ற இத்தாலியக் கலைஞர் வடிவமைத்தது, 1763-இல் முடிந்தது. இத்தாலியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே வாழ்ந்து முடிந்தவர், தான் கட்டிய அதே தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். மேலே போக இருநூற்றுக்கும் அதிகமான படிகள், கடைசிப் பகுதி மிகக் குறுகலானது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். மூச்சு வாங்குபவர்களும் நெருக்கடியான இடத்தில் பதற்றம் வருபவர்களும் ஏற வேண்டாம், சாயங்காலம் படி ஏறாமலேயே இதைவிட நல்ல காட்சி வரப்போகிறது.

பக்கத்தில் லெல்லோ புத்தகக் கடை, 1906-இல் திறந்தது. உள்ளே வளைந்து சுழலும் சிவப்புப் படிக்கட்டும் வண்ணக் கண்ணாடிக் கூரையும் நிஜமாகவே அழகானவை. நுழைவுக்கு டிக்கெட் உண்டு, புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். ஹாரி பாட்டர் கதைக்கு இந்தக் கடைதான் தூண்டுதல் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், ஆனால் தான் அந்தக் கடைக்குள் போனதே இல்லை என்று கதையை எழுதிய ரௌலிங் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டார். புத்தகக் கடை மேல் ஆசை இருந்தால் முன்கூட்டியே இணையத்தில் நாளின் முதல் நேரத்தைப் பதிவு செய்து, அதற்கேற்ப மற்றதை நகர்த்திக்கொள்ளுங்கள். நடுப்பகலில் போனால் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். நான் ஒரு நாள் பயணத்தில் இதை விட்டுவிடச் சொல்வேன்.

அதற்குப் பதிலாக இரண்டு நிமிடம் நடந்து கார்மு தேவாலயத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள், 1912-இல் பதித்த ஓடுகள், தெரு முழுக்க நீலம். அடுத்தடுத்து இரண்டு தேவாலயங்கள் ஒட்டி நிற்பது போலத் தெரியும், நடுவில் கூர்ந்து பாருங்கள்: சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு வீடு, கதவு, மேலே சன்னல் எல்லாம் இருக்கும்.

மதியம் ஒன்று: பிரான்செசீன்யா

இந்த ஊருக்கே உரிய சாப்பாடு இது. ரொட்டி, உள்ளே மாட்டிறைச்சித் துண்டு, ஹாம், இரண்டு வகைத் தொத்திறைச்சி, மேலே இன்னொரு ரொட்டி, மொத்தத்தையும் சீஸால் போர்த்தி அடுப்பில் உருக்கி, தக்காளி, பீர், பிரி-பிரி மிளகாய் சேர்த்துக் காய்ச்சிய சூடான குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். வேண்டுமென்றால் உச்சியில் ஒரு பொரித்த முட்டை, சுற்றிலும் உருளைக்கிழங்கு வறுவல். கையில் எடுக்க முடியாது, கத்தியும் முள்கரண்டியும்தான். பிரான்சில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய டேனியல் ட சில்வா என்பவர் 1950-களில் இங்கே 'அ ரெகலெய்ரா' உணவகத்தில் இதை உருவாக்கினார், ஹாமும் சீஸும் வைத்துச் சுடும் பிரெஞ்சுக்காரர்களின் ரொட்டி, குரோக் மெசியூதான் அடிப்படை. பெயருக்குக் 'குட்டிப் பிரெஞ்சுக்காரி' என்று பொருள்.

இதில் சாப்பாட்டின் உயிர் குழம்புதான். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பக்குவம், யாரும் வெளியே சொல்வதில்லை. நல்ல குழம்பு எது என்பதற்கு என் கணக்கு: தக்காளிப் புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் அது அவசரக் குழம்பு, பீரின் லேசான கசப்பும் கடைசியில் நாக்கில் ஏறும் காரமும் இருந்தால் நிதானமாகக் காய்ச்சியது. காரம் போதாது என்று தோன்றினால் 'பிரி-பிரி' கேளுங்கள், சின்னக் குப்பியில் கொண்டு வந்து தருவார்கள். ஒன்று இரண்டு பேருக்குப் போதும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளுக்கொன்று வாங்கியவர்கள் மதியத்துக்கு மேல் நடப்பதில்லை. கூட ஒரு சின்ன பீர் வேண்டுமென்றால் போர்ட்டோவில் அதன் பெயர் 'ஃபீனு'. ராத்திரி வேளைக்கு இது வேண்டவே வேண்டாம், தூக்கம் கெட்டுவிடும்.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் மீன் பக்கம் போங்கள். 'பக்கல்யாவ் அ கோமிஷ் டி சா' என்பதும் இந்த ஊரில் பிறந்ததுதான்: காட் மீனை இதழ் இதழாகப் பிரித்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ் எண்ணெயோடு அடுப்பில் வைத்து, மேலே வேகவைத்த முட்டையும் கறுப்பு ஆலிவும் போடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சைவ பிரான்செசீன்யா செய்கிற கடைகள் இப்போது நிறைய உண்டு, ஆனால் குழம்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம், அதனால் 'மோல்யு செங் கார்ன்?' என்று, அதாவது குழம்பில் இறைச்சி இல்லைதானே என்று, கட்டாயம் கேளுங்கள். 'கால்டு வேர்ட்' என்ற கீரை சூப்பும் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், மெலிதாக அரிந்த கீரையும் மசித்த உருளைக்கிழங்கும்தான், ஆனால் அடியில் ஒரு துண்டு தொத்திறைச்சி கிடக்கும். 'செங் ஷொரீசு' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு பெயரையும் பட்டியலில் பார்ப்பீர்கள்: 'திரிபஷ் அ மோடா டு போர்ட்டோ', வெள்ளை மொச்சையும் சீரகமும் சேர்த்து மெதுவாக வேகவைத்த குடல் கறி, சோற்றோடு வரும். 1415-இல் செயூட்டாவுக்குக் கிளம்பிய கப்பல்களுக்கு ஊரில் இருந்த நல்ல இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டு மக்கள் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது ஊர்க் கதை. வரலாறு அப்படியே நடந்ததோ இல்லையோ, போர்ட்டோக்காரர்கள் தங்களை இன்றும் 'திரிபெய்ருஷ்', குடல் தின்னிகள், என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு ஊர் தன் கொடையின் நினைவைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சாப்பாட்டு மேசையில் தெரிந்திருக்க வேண்டியவை சில. உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில இடங்களில் சீஸ், இறால்கூட வைப்பார்கள். அதற்குக் 'கூவேர்ட்' என்று பெயர், இலவசம் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு கடையில் இது தெரியாமல் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, பில்லில் பதினோரு யூரோ கூடுதலாக வந்ததைப் பார்த்து நான் திகைத்திருக்கிறேன். தொடாமல் வைத்தால் காசு கிடையாது, வேண்டாம் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். பட்டியலில் 'டோஸ்' என்றால் முழு அளவு, பல கடைகளில் இரண்டு பேருக்குக் காணும், 'மெயா டோஸ்' என்றால் பாதி. 'பிராட்டு டு டியா' என்று கரும்பலகையில் எழுதியிருப்பது அன்றைய சாப்பாடு, விலை குறைவு, அன்றே சமைத்தது. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, கேட்டால் தருவார்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம், தமிழ் பேசுகிறவருக்குப் பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரியும். மேசைக்கு அங்கே 'மேசா', சன்னலுக்கு 'ஜனேலா', சாவிக்கு 'ஷாவி', இலங்கைத் தமிழர் சொல்கிற பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, 'பாவ்'. எல்லாம் அங்கிருந்து கப்பலில் நமக்கு வந்தவை. சன்னல் ஓர மேசை கேட்க வேறு அகராதி தேவையில்லை. நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாடு', பெண்கள் 'ஒப்ரிகாடா'.

இரண்டரை: இறங்குமுகம்

கிளேரிகுஷ் பின்னால் பழைய யூதர் குடியிருப்பாக இருந்த விட்டோரியா பகுதி. அதன் ஓரத்தில் வேலியில்லாத ஒரு வெற்றிடம் போல விட்டோரியா காட்சிமேடை, காசு கிடையாது. சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஆறு வரைக்கும் இறங்கிப் போவதும் எதிரே பேராலயமும் பாலமும் ஒரே பார்வையில் தெரியும். அங்கிருந்து படிகள் இறங்குகின்றன. கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்றால் ருவா தாஸ் ஃப்ளோரிஸ் வழியாக வாருங்கள், பழைய வீடுகள், பாட்டுக்காரர்கள், நல்ல தெரு.

கீழே வந்தால் ஒரே இடத்தில் இரண்டு கட்டடங்கள், ஒன்றைத்தான் தேர்வு செய்ய நேரம் இருக்கும். பலாசியு ட போல்சா வணிகர் சங்கத்தின் மாளிகை, வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், அதன் அரபு மண்டபத்தை முடிக்க மட்டும் 18 வருடம், 1862 முதல் 1880 வரை, ஆனது. இன்னொன்று சாவ் பிரான்சிஷ்கு தேவாலயம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெளியே வெறும் கருங்கல், கோதிக் பாணி, ஒன்றுமே தெரியாது. உள்ளே போனால் தூண், வளைவு, கூரை என எல்லா இடமும் மரத்தில் செதுக்கித் தங்க முலாம் பூசியது. இடப்பக்கம் ஈசாயின் (பைபிளில் வரும் தாவீது அரசனின் தந்தை) வம்சமரம் என்ற சிற்பம், படுத்திருக்கும் ஈசாயின் உடலிலிருந்து மரம் கிளைத்து அரசர்கள் கிளைகளில் நிற்பார்கள், அதற்கு முன் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். பிறகு டிக்கெட் கொடுத்த கட்டடத்தின் கீழே போய்க் கல்லறை மண்டபத்தையும் பாருங்கள். ஏழைத் துறவியான பிரான்சிஸ் பெயரில் இவ்வளவு தங்கமா என்ற கேள்வி உள்ளே நிற்கும்போது எனக்கு எழுந்துகொண்டே இருந்தது.

நாலேகால்: ரிபெய்ரா

ஆற்றங்கரை. பல வண்ண வீடுகள், சன்னலில் காயும் துணி, கீழே உணவகங்கள். 1996 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், நடக்கவும் பார்க்கவும் மட்டும். கரையோரச் சுவரில், பாலத்துக்குச் சற்று முன்னால், ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கும், அதன் முன் பெரும்பாலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை ஊருக்குள் வந்தபோது, உயிர் தப்ப ஓடிய மக்கள் படகுகளைக் கோத்துக் கட்டியிருந்த பாலத்தில் ஏறினார்கள், பாலம் உடைந்து பெருங்கூட்டம் ஆற்றில் போனது. இருநூறு வருடம் தாண்டியும் யாரோ வந்து விளக்கேற்றுகிறார்கள். படகுச் சவாரிக்கு ஓடுபவர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை, நீங்கள் நின்றுவிட்டுப் போங்கள்.

முதலாம் லூயிஸ் பாலத்தை ஈஃபெல் கட்டினார் என்று நிறையப் பேர் சொல்வார்கள், அது தவறு. அவருடைய முன்னாள் கூட்டாளி தியோஃபில் செய்ரிக் வடிவமைத்தது, மேல்தளம் 1886-இல் திறந்தது. ஈஃபெல் நிறுவனம் கட்டிய மரியா பியா ரயில் பாலம் (1877) ஆற்றில் இன்னும் மேலே இருக்கிறது, 1991 முதல் அதில் ரயில் ஓடவில்லை. இப்போது கீழ்த்தளம் வழியாக எதிர்க்கரைக்கு நடங்கள்.

ஐந்து மணி: கையா

எதிர்க்கரை வேறு நகரம், விலா நோவா டி கையா. சரிவு முழுக்கப் போர்ட் ஒயின் கிடங்குகள். திராட்சை விளைவது ஆற்றில் மேலே, கிழக்கே, டோரோ பள்ளத்தாக்கில். அந்தப் பகுதிக்கு 1756-இலேயே போர்ச்சுகல் அரசின் அமைச்சர் பொம்பால் பிரபு எல்லை வகுத்துவிட்டார். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி நொதிப்பைப் பாதியில் நிறுத்துவார்கள், அதனால் பழத்தின் இனிப்பு தங்கிவிடுகிறது, போதையும் 20 சதவீத அளவுக்கு ஏறிவிடுகிறது. பிறகு பீப்பாய்களை அந்தக் காலத்தில் ரபேலு என்ற தட்டையான படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள், கடல் பக்கமிருக்கும் கையாவின் குளிர்ச்சி முதிர்ச்சிக்கு நல்லது. ஆற்றில் அணைகள் வந்தபின் அந்தப் படகுப் போக்குவரத்து நின்றது, கரையில் இப்போது கட்டியிருப்பவை அழகுக்கு. பீப்பாய் என்ற நம் சொல்லும் இவர்களுடைய 'பீப்பா'தான், இங்கே அது 550 லிட்டர் கொள்ளும் மரப்பாத்திரம். கிடங்குக்குள் நுழைந்து வரிசை வரிசையாக அவை கிடப்பதைப் பார்த்தபோது அந்தச் சொல்லை முதல் தடவை கேட்பது போல இருந்தது.

ஒரே ஒரு கிடங்குக்குப் போனால் போதும், இரண்டு நாள் முன்பே நேரம் பதிவு செய்யுங்கள். சுவை பார்க்கும்போது ரூபி, டோனி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். ரூபி பெரிய தொட்டியில் காற்றுப் படாமல் இருந்தது, சிவப்பு, பழச்சுவை. டோனி சின்னப் பீப்பாயில் பல வருடம் காற்றோடு பழகியது, பழுப்பு நிறம், கொட்டைகளும் உலர்பழமும் போன்ற சுவை. பத்து வருட டோனி ஒரு கோப்பை போதும், இனிப்பாக இருப்பதால் வேகமாக இறங்கிவிடும், ஆனால் சாதாரண ஒயினைவிடப் போதை அதிகம், அடுத்து பாலத்தில் நடக்க வேண்டும். குடிக்காதவர்கள் கரையில் நடந்து எதிரே அடுக்கடுக்காக எழும் போர்ட்டோவைப் பாருங்கள், ஊரின் முழு முகம் தெரிவது இங்கிருந்துதான்.

பொழுது சாயும் நேரம்

கரையிலிருந்து கம்பிவட ஊர்தி ஜார்டிம் டு மோரு பூங்காவுக்கு ஏறுகிறது, சில நிமிடப் பயணம். குளிர்காலத்தில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், அதனால் கிடங்குக்குள் போகும் முன்பே கடைசி நேரத்தைக் கேட்டு வையுங்கள். பூங்காப் புல்வெளியில் உட்கார்ந்து, காலையில் சந்தையில் வாங்கிய ஆலிவையும் சீஸையும் எடுங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகும். கூட்டம் வேண்டாதவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி செர்ரா டு பிலார் மடத்தின் வாசலுக்குப் போங்கள், வட்ட வடிவத் தேவாலயம் உள்ள இடம், பாலமே காலுக்குக் கீழே தெரியும்.

இருட்டியதும் பாலத்தின் மேல்தளம். ஆற்றுக்கு மேல் நல்ல உயரம். மெட்ரோ ரயிலும் மனிதர்களும் ஒரே தளத்தில் போகிறார்கள், ரயில் மெதுவாகத்தான் வரும், ஆனாலும் படம் எடுக்கிற ஆர்வத்தில் தண்டவாளத்தில் நிற்காதீர்கள். அந்தப் பக்கம் முடிவில் இடது மேட்டில் பேராலயம், இங்கே 'சே' என்பார்கள், 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, கோட்டை போன்ற சுவர். 1387-இல் ஜொவாவும் பிலிப்பாவும் மணந்தது இங்கேதான், காலையில் ரயில் நிலையச் சுவரில் பார்த்த அந்த ஜோடி. உள்ளே இந்நேரம் மூடியிருக்கும், முற்றம் திறந்திருக்கும். உள்முற்றத்து ஓடுகளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் காலையில் சாவ் பெந்துவுக்கு அடுத்து இதைச் சேர்த்துக்கொண்டு கோபுரத்தை விட்டுவிடுங்கள்.

இரவுச் சாப்பாடு லேசாக: ஒரு கால்டு வேர்ட், சோளமாவு ரொட்டி, அல்லது 'பிஃபானா', பன்றி இறைச்சியை மெலிதாகச் சீவிக் காரச் சாற்றில் ஊறவைத்து ரொட்டிக்குள் வைத்தது. சாவ் பெந்துவைச் சுற்றிய சந்துகளில் இரண்டும் கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் எட்டு மணிக்கு மேல்தான் சாப்பிட வருவார்கள்.

பயணம் ஜூன் 23 அன்று விழுந்தால் மேலே சொன்ன திட்டம் எதுவும் வேண்டாம். அன்று இரவு சாவ் ஜொவாவ் திருவிழா, ஊரே தெருவில் சாளை மீன் சுட்டுக்கொண்டு, தெரியாதவர் தலையிலெல்லாம் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கும், ஒரு சுத்தியல் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு போங்கள். இன்னொரு அரைநாள் கூடக் கிடைத்தால் 500-ஆம் எண் பேருந்து, மாடி வைத்தது, ஆற்றோரமாகவே போய் ஃபோஸில் கடலைத் தொட்டு மத்துசீன்யுஷ் வரை செல்கிறது. அங்கே தெருவிலேயே கரி அடுப்பு வைத்து மீன் சுடுகிறார்கள். மீனை எடைக்குத்தான் விற்பார்கள், அடுப்பில் வைப்பதற்கு முன் எடையையும் விலையையும் கேட்டுவிடுங்கள்.